சுவரில் மாட்ட ஓர் ஆட்டு மண்டையோடு: நீலகிரிக் குளிரில் கொழுப்பு எடுக்கும் முறை

நீலகிரியில் பழைய பங்களாக்களுக்குள் போனவர்கள், கணப்புக்கு மேலே கொம்போடு ஒரு மண்டையோடு மாட்டியிருப்பதைப் பார்த்திருப்பார்கள். அப்படி ஒன்றைத் தன் வீட்டிலும் செய்து வைக்க ஆசைப்படுகிற புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆட்டுத் தலையில் தாராளமாகச் செய்யலாம். மான் தலையில் கூடாது. அந்தப் பேச்சை முதலில் முடித்துவிட்டு வேலைக்குப் போவோம்.

மானைத் தொட வேண்டாம்

கடமான், புள்ளிமான், கேளையாடு, வரையாடு, காட்டெருமை எதுவானாலும் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதன் தலையும் எலும்பும் கொம்பும் அரசின் சொத்து. வேட்டையாடினால்தான் குற்றம், செத்துக் கிடந்ததை எடுத்தால் ஒன்றுமில்லை என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது தவறு. சோலை ஓரத்தில் கடமான் தானாக உதிர்த்துப் போட்ட கொம்பை எடுத்து வந்து அலமாரியில் வைத்தாலும் வழக்குதான். தேயிலைத் தோட்டத்தில் செந்நாய் தின்றுபோட்ட மான் தலை கண்ணில் பட்டால் கை வைக்காமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். எப்படியோ கைக்கு வந்து சேர்ந்துவிட்டது என்றால் 48 மணி நேரத்துக்குள் தெரிவித்தாக வேண்டும்.

தாத்தா காலத்துத் தலை வீட்டில் இருக்கிறது என்பவர்கள், அதற்கு உரிமைச் சான்றிதழ் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சான்றிதழ் இருந்தாலும் அதை விற்க முடியாது, அன்பளிப்பாகவும் கொடுக்க முடியாது. வாரிசுக்குப் போகலாம், அவ்வளவுதான். அந்தக் காலத்தில் தோலோடு பதப்படுத்திய தலைகளில் பூச்சி வராமல் இருக்க ஆர்சனிக் பூசுவது வழக்கம். மைசூரில் 1999 வரை நடந்த வான் இங்கன் போன்ற பட்டறைகளில் செய்த தலைகள் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. அவற்றின் மேல் இந்தக் கட்டுரையில் சொல்லும் எதையும் செய்து பார்க்காதீர்கள். முகமூடி, கையுறை போட்டுக்கொண்டு மெல்லிய பிரஷ்ஷால் தூசி தட்டுவதோடு நிறுத்துங்கள்.

அமெரிக்கா, கனடா, நியூசிலாந்து பக்கம் இருக்கும் நம் ஆட்கள் உரிமம் வாங்கி மான் வேட்டைக்குப் போவதுண்டு. அவர்களுக்கும் இதே முறைதான், ஒரே ஒரு வித்தியாசத்தோடு. மான் கொம்பு முழுக்க எலும்பு, மண்டையோடு சேர்ந்தே வளர்வது. அதை உறைபோலக் கழற்ற முடியாது. கொம்பின் நிறம் போகாமல் இருக்க, எந்தத் தண்ணீரில் போட்டாலும் கொம்பு வெளியே நிற்கும்படி வைக்க வேண்டும். வட அமெரிக்க மான்களிடையே மூளையை அரிக்கும் தீராத நோய் ஒன்று பரவியிருப்பதால், தலையை ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் கொண்டுபோகக் கட்டுப்பாடுகள் உண்டு. அங்கத்து விதியை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

தலையைத் தேர்ந்தெடுப்பது

நல்ல கொம்புள்ள வெள்ளாட்டுக் கிடா தலைதான் முதல் முயற்சிக்கு ஏற்றது. செம்மறிக் கிடாவின் சுருட்டிய கொம்பு பார்க்க இன்னும் கம்பீரமாக இருக்கும். ஆனால் அதில் கொழுப்பு அதிகம், பொறுமையும் அதிகம் வேண்டும். நம் சாண்டிநல்லா பண்ணை வளர்க்கும் நீலகிரிச் செம்மறிக்குச் சொல்லிக்கொள்ளும்படி கொம்பு கிடையாது. அதனால் செம்மறி வேண்டுமென்றால் கீழ்நாட்டிலிருந்து வரும் கிடாவைத்தான் பார்க்க வேண்டும். பன்றித் தலை வேண்டவே வேண்டாம். கொழுப்பு எடுத்து மாளாது.

குட்டியின் தலையை வாங்காதீர்கள். இளம் ஆட்டின் மண்டை எலும்புகள் ஒன்றோடொன்று இறுகியிருக்காது, தண்ணீரில் ஊறியதும் தனித்தனியாகக் கழன்றுவிடும். வாயைத் திறந்து பல்லைப் பாருங்கள். ஆறு பல்லாவது போட்டிருக்க வேண்டும், எட்டுப் பல் சேர்ந்திருந்தால் நல்லது.

அடுத்தது கறிக்கடைக்காரரிடம் பேசுவது. இதை முன்னாடியே செய்யாவிட்டால் எல்லாம் வீண். நம் கடைகளில் தலை என்றாலே தீயில் வாட்டி, முடியைச் சுரண்டி, கொம்பைத் தட்டி எடுத்து, மூளைக்காக நடுவில் இரண்டாகப் பிளந்துதான் கொடுப்பார்கள். அதனால் முந்தின நாளே போய், "பாய், தலையை வாட்ட வேண்டாம், பிளக்க வேண்டாம், கொம்பிலும் கை வைக்க வேண்டாம், கழுத்து எலும்போடு கொஞ்சம் நீட்டி வெட்டிக் கொடுங்க" என்று சொல்லிவையுங்கள். கழுத்தோடு கேட்பதற்குக் காரணம் உண்டு. மண்டைக்குப் பின்புறம், கழுத்து எலும்பு வந்து உட்காரும் இடத்தில் இரண்டு உருண்டை முனைகள் இருக்கும். கத்தி அந்த இடத்தில் பட்டால் சிதைந்துபோகும். கோயில் கிடாவெட்டில் கிடைக்கும் தலையிலும் இதே சேதம்தான் அடிக்கடி இருக்கும்.

வாயைச் சுற்றிப் புண்ணோ கொப்புளமோ இருக்கிற தலையை எடுக்காதீர்கள். ஆட்டு வாய்ப்புண் மனிதக் கைக்கும் ஒட்டும். திடீரென்று செத்துப்போன ஆடு, மூக்கிலும் வாயிலும் ரத்தம் வடிந்த ஆடு என்றால் கிட்டவே போகக் கூடாது. அது அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயாக இருக்கலாம், அதன் கிருமி மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு இருக்கும். கடையில், நலமாக இருந்து அறுக்கப்பட்ட ஆட்டின் தலைதான் நமக்கு வேண்டும். ரப்பர் கையுறை, கண்ணாடி, முகமூடி மூன்றும் கடைசிவரை வேண்டும். கையில் வெட்டுக்காயம் இருந்தால் ஆறும்வரை பொறுங்கள். டெட்டனஸ் ஊசி போட்டு நாளாகியிருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகள் இந்த வேலைக்கு வரவேண்டாம்.

இன்னொன்று: தோடர் பழங்குடியினரின் குடியிருப்புகளான மந்துகளின் பக்கம் எருமைக் கொம்போ மண்டையோடோ கிடந்தால் அதைத் தொடக்கூடாது. எருமை அவர்கள் வழிபாட்டிலும் சாவுச் சடங்கிலும் இருக்கிற உயிர். அலங்காரத்துக்கு எடுக்கிற பொருள் அல்ல.

மலையில் ஏன் தனி முறை

சமதளத்தில் இருப்பவர்கள் சொல்லும் முறையை அப்படியே இங்கே செய்தால் ஏமாறுவோம். இரண்டு காரணங்கள். சதையை அழுக வைத்து எலும்பிலிருந்து விடுவிப்பது பாக்டீரியா. அதற்கு 30 முதல் 35 டிகிரி சூடு பிடிக்கும். மார்கழி, தை மாதங்களில் ஊட்டியில், தலைகுந்தாவில் உறைபனி விழுகிற நாளில் வாளித் தண்ணீர் ஐஸ்போலக் கிடக்கும். மாதக்கணக்கில் வைத்திருந்தாலும் சதை பிடிவாதமாக ஒட்டிக்கொண்டிருக்கும்.

இரண்டாவதுதான் முக்கியம். ஆட்டுக் கொழுப்பு உருக 40 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். நம் குளிரில் அது எலும்பின் நுண்துளைகளுக்குள் உறைந்து, அசையாமல், வெளியே தெரியாமல் உட்கார்ந்திருக்கும். மண்டையோடு வெள்ளையாக, காய்ந்து, பார்க்க முடிந்ததுபோலவே இருக்கும். நாமும் மாட்டிவிடுவோம். சித்திரை வெயில் வந்ததும், இல்லாவிட்டால் மேட்டுப்பாளையத்தில் இருக்கும் சொந்தக்காரருக்குக் கொடுத்ததும், மஞ்சளாக வியர்க்கத் தொடங்கும். தூசி ஒட்டும், வாடை வரும், பூச்சி வரும். மலையில் இந்த வேலை கெடுவது பெரும்பாலும் இந்த ஒரு விஷயத்தால்தான். எனவே மற்ற படிகளில் ஒரு நாள் முன்னே பின்னே ஆனாலும் பரவாயில்லை, கொழுப்பு எடுப்பதில் மட்டும் அவசரமே கூடாது.

வேக வைக்காதீர்கள், பிளீச்சிங் பவுடர் போடாதீர்கள்

குக்கரில் நாலு விசில் விட்டால் சதை தானாகக் கழன்றுவிடுமே என்று தோன்றும். கழலும், உண்மைதான். ஆனால் கொதிக்கும் சூட்டில் எலும்புக்குள் இருக்கிற பசைத்தன்மை வெந்து போய், காய்ந்தபின் எலும்பு சுண்ணாம்புத் துண்டாக உதிரும். மூக்குக்குள் இருக்கும் காகிதம் மாதிரியான சுருள் எலும்புகள் நொறுங்கும். உருகிய கொழுப்பு எலும்புக்குள் இன்னும் ஆழமாக இறங்கும். பல்லில் விரிசல் விழும்.

பிளீச்சிங் பவுடரும், தரை கழுவும் குளோரின் திரவமும் அதைவிட மோசம். முதல் நாள் பளிச்சென்று வெள்ளையாகிவிடும். ஆனால் எலும்பை அரிப்பது அதோடு நிற்காது. ஒரு வருடம் கழித்துத் தொட்டால் விரலில் மாவு ஒட்டும்.

தோலுரித்து ஊறப்போடுவது

தலை வந்த அன்றே தோலை உரியுங்கள். சின்னக் கத்தி போதும். கத்தி முனை எலும்பில் கீறாமல், தோலை இழுத்துப் பிடித்து அடியில் அறுத்துக்கொண்டே வரவேண்டும். கொம்பின் அடியைச் சுற்றி வட்டமாக வெட்டுங்கள். நாக்கு, கண், கன்னத்துச் சதை எல்லாம் எடுத்துவிட்டு, தாடையின் மூட்டில் இருக்கும் நாரை அறுத்தால் கீழ்த்தாடை தனியாக வந்துவிடும். எலும்பைச் சுரண்டிச் சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டியதில்லை, மிச்சத்தைத் தண்ணீர் பார்த்துக்கொள்ளும். அன்றைக்கு நேரமில்லை என்றால் பையில் சுற்றி ஃப்ரீசரில் வையுங்கள். உப்புத் தடவி வைக்கும் பழக்கம் இங்கே உதவாது. உப்பு பட்டால் அழுகல் நின்றுவிடும், நமக்கோ அழுகித்தான் ஆக வேண்டும்.

முதலில் பச்சைத் தண்ணீரில் ஒரு நாள் போட்டு, இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றி ரத்தத்தை வெளியேற்றுங்கள். ரத்தம் எலும்பில் காய்ந்தால் பழுப்புக் கறையாக நிற்கும்.

அப்புறம் மூடியோடு இருக்கும் 20 லிட்டர் பெயின்ட் வாளி ஒன்று. வெங்காயம் வரும் வலைப் பைக்குள் தலையையும் தாடையையும் வைத்துக் கட்டி வாளிக்குள் இறக்குங்கள். பற்கள் உதிர்ந்தால் பைக்குள்ளேயே கிடக்கும். ஆட்டுக்கு மொத்தம் 32 பல். மேல் தாடையின் முன்பக்கத்தில் பல்லே கிடையாது, அதைக் காணோம் என்று தேடாதீர்கள். கீழ் முன்பற்கள் எட்டும் ஒற்றை வேர் உள்ளவை, அவைதான் முதலில் கழலும்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை அடித்தால் ஒரு நாள் திறந்துவைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். கொம்பும் மூழ்கும்படி நிரப்பி, மீன் தொட்டிக்குப் போடும் ஹீட்டரை 32 டிகிரியில் வைத்து இறக்கிவிடுங்கள். 100 வாட் ஹீட்டர் ஒரு வாளிக்குப் போதும். ஹீட்டர் எப்போதும் தண்ணீருக்குள் இருக்க வேண்டும், வாளிக்குள் கைவிடும் முன் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். குளிக்கத் தண்ணீர் காய்ச்சும் ராடு போடவே கூடாது. அது கொதிக்க வைத்துவிடும், ஷாக் அடிக்கவும் செய்யும். காற்று மழையில் கரண்ட் போகிற நாட்களில் வாளியைப் பழைய கம்பளியில் சுற்றி வையுங்கள், சூடு கொஞ்சம் தாங்கும்.

வாளியை எங்கே வைப்பது என்பதை நம் ஊரில் நன்றாக யோசிக்க வேண்டும். நாற்றம் கடுமையாக இருக்கும். வீட்டுக்குள் வைக்க முடியாது, தோட்டத்தில் திறந்த இடத்திலும் வைக்க முடியாது. கோத்தகிரி, குன்னூர் பக்கம் கரடி வீட்டுக் கதவைத் தட்டுவதும், சிறுத்தை நாயைத் தூக்கிப் போவதும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அழுகல் வாடை அவற்றைக் கூப்பிடும், கூடவே காட்டுப்பன்றியும் தெருநாயும் வரும். கதவு பூட்டும் ஷெட் இருந்தால் செய்யுங்கள். இல்லாவிட்டால், அக்கம்பக்கத்தாரையும் சேர்த்து ஆபத்தில் விட வேண்டாம், இந்த வேலையையே விட்டுவிடுங்கள்.

சில நாளில் தண்ணீர் கலங்கி, சாம்பல் நிறமாகி, மேலே நுரை கட்டும். அதுதான் வேலை நடக்கிற அடையாளம். வாரத்துக்கு ஒருமுறை பாதித் தண்ணீரை எடுத்துவிட்டு, அதே சூட்டில் புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். முழுவதையும் கொட்டினால் பாக்டீரியாவும் போய்விடும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். எடுத்த தண்ணீரை ஓடையில் விடக்கூடாது. கிணறு, ஓடை, ஊற்று எல்லாவற்றுக்கும் தள்ளி, இரண்டடி ஆழக் குழி வெட்டி ஊற்றி மண் போட்டு மூடுங்கள்.

ஒரு வாரம் பத்து நாளில் கொம்பைப் பிடித்து மெல்லத் திருகிப் பாருங்கள். ஆட்டுக் கொம்பு என்று நாம் பார்ப்பது வெளியுறை மட்டும்தான். நகம் எதனால் ஆனதோ அதே கெரட்டின். உள்ளே எலும்புத் தண்டு ஒன்று இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சதைப்படலம் அழுகியதும் உறை அப்படியே கழன்று கையில் வரும். வராவிட்டால் வற்புறுத்தாதீர்கள், இரண்டு நாள் விட்டுத் திருகுங்கள். கழன்றதும் இடது, வலது என்று குறித்து வையுங்கள். உள்பக்கத்தைச் சுரண்டிக் கழுவி நிழலில் காயப்போடுங்கள். வெயிலில் போட்டால் வெடிக்கும். உறைகளை மறுபடி வாளிக்குள் போட வேண்டியதில்லை, அவற்றின் வேலை முடிந்தது.

இந்தச் சூட்டில் மண்டையோடு முழுதாகச் சுத்தமாக இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். மூளை கரைந்து பின்துவாரம் வழியாக வந்துவிடும். ஹோஸ் பைப்பை அந்தத் துவாரத்தில் மெல்லப் பிடித்து அலசுங்கள். மூக்குக்குள் குச்சி விட்டுக் குடையாதீர்கள், அந்தச் சுருள் எலும்புகள் இருந்தால்தான் மண்டையோட்டுக்கு அழகு.

கொழுப்பு எடுப்பது

இனிதான் உண்மையான வேலை. வேண்டியவை: மீன்கடையில் ஐஸ் போட்டு மீன் வரும் தெர்மாகோல் பெட்டி, அதற்குள் உட்காரும் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பா, பாத்திரம் கழுவும் திரவ சோப்பு, வெப்பமானி. எந்த நிறுவனத்துச் சோப்பானாலும் சரி, வாசனையும் நிறமும் குறைவாக இருந்தால் நல்லது. துணி துவைக்கும் பவுடர் வேண்டாம். சில பவுடர்களில் இருக்கும் நொதிகள் எலும்பைத் தின்னும்.

45லிருந்து 50 டிகிரி சூட்டில் தண்ணீர், லிட்டருக்கு இரண்டு மூன்று தேக்கரண்டி சோப்பு. மண்டையோட்டை அதில் மூழ்கவைத்து, கொம்புத் தண்டின் உள்ளேயும் நெற்றிக் குழியிலும் அடைபட்ட காற்று போகும்படி இப்படியும் அப்படியும் சாய்த்து, டப்பாவைப் பெட்டிக்குள் வைத்து மூடுங்கள். காலையிலும் மாலையிலும் கொஞ்சம் தண்ணீரை எடுத்துவிட்டுச் சுடுதண்ணீர் சேர்த்துச் சூட்டை மீட்டுக்கொள்ளுங்கள். கொதிக்கிற தண்ணீரை எலும்பின் மேல் நேராக ஊற்றாதீர்கள். ஹீட்டரையே போட்டுவிடலாமே என்றால், மீன் தொட்டி ஹீட்டர் 34 டிகிரிக்கு மேல் போகாது. வேலை நடக்கும், ஆனால் மெதுவாக. இரவில் ஹீட்டரை ஓடவிட்டுப் பகலில் சுடுதண்ணீர் சேர்ப்பது நல்ல வழி.

மறுநாள் காலையில் டப்பாவைத் திறந்து, அசைக்காமல், மேல்பரப்பைப் பாருங்கள். மட்டன் குழம்பு ஆறினால் மேலே வெள்ளையாக ஏடு கட்டுமே, அதேபோல ஒரு படலமோ சின்னச் சின்ன வெள்ளைத் துணுக்குகளோ மிதக்கும். தண்ணீர் மஞ்சள் கலந்த பாலாக இருக்கும். இந்த இடத்தில் மட்டும் நம் குளிர் நமக்கு உதவி. சமதளத்தில் கரைந்து கண்ணில் படாமல் போகும் கொழுப்பு, இங்கே உறைந்து தன்னைக் காட்டிக்கொடுக்கும். ஏட்டை வழித்து எடுத்துவிட்டுத்தான் மண்டையோட்டைத் தூக்க வேண்டும். இல்லாவிட்டால் வெளியே வந்த கொழுப்பு மறுபடி எலும்பிலேயே பூசிக்கொள்ளும். தண்ணீர் கலங்கும்போதெல்லாம் மாற்றி, புதிதாகச் சோப்புப் போடுங்கள். முதல் வாரத்தில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிவரும், போகப் போக இடைவெளி கூடும்.

வெள்ளாட்டுக்கு மூன்று நான்கு வாரம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். செம்மறிக்கு இரண்டு மாதம் போனாலும் ஆச்சரியப்படாதீர்கள். கொழுப்பு தங்கும் இடங்கள் எப்போதும் ஒன்றேதான்: கொம்புத் தண்டின் அடி, கண்குழிக்குப் பின்னால், பின்மண்டையின் தடித்த பகுதி, கீழ்த்தாடையின் மூட்டு. அந்த இடங்கள் மெழுகு தடவியதுபோல் மங்கலாக ஒளி ஊடுருவித் தெரியும். மற்ற எலும்பு சுண்ணாம்பு வெள்ளையாக இருக்கும். ஈரத்தில் இந்த வித்தியாசம் தெரியாது, காய்ந்தால்தான் தெரியும்.

ஆகவே தண்ணீர் இரண்டு முறை தொடர்ந்து தெளிவாக நின்றது என்றால் எடுத்து நன்றாக அலசி ஒரு வாரம் காயவிடுங்கள். மழைக்காலமாக இருந்தால் இன்னும் அதிக நாள். அதன் பிறகு சோதனை. வெயில் நாளில், கண்ணாடி ஏற்றிய காருக்குள், டிஷ்யூ காகிதத்தின் மேல் மண்டையோட்டை நாள் முழுக்க வையுங்கள். குன்னூர் வெயிலில்கூட மூடிய காருக்குள் 40 டிகிரியைத் தாண்டிவிடும். சாயங்காலம் காகிதத்தில் எண்ணெய்ப் பொட்டு இருந்தாலோ, எலும்பில் புதிதாக மஞ்சள் திட்டு தெரிந்தாலோ, மறுபடி சோப்புத் தண்ணீர்தான். வெயில் இல்லாத ஆவணி, ஐப்பசி மாதங்களில் இந்தச் சோதனையைச் செய்யாமலே வேலையை முடித்துவிட்டதாக நினைக்க வேண்டாம், நல்ல வெயில் வரும்வரை மாட்டாமல் வைத்திருங்கள். தொடங்கவே மாசி, பங்குனி மாதங்கள்தான் வசதி. குளிர் குறைந்திருக்கும், முன்னால் வெயில் காலம் முழுதாகக் கிடக்கும்.

அசிட்டோனில் ஊறவைத்தால் குளிரிலும் கொழுப்பு கரையும். சோப்புக்கு அசையாத கடைசித் திட்டுகளுக்குச் சிலர் அதைப் பயன்படுத்துகிறார்கள். முதல் தலைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அதன் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும், மூடிய அறையில் மூச்சுக்கும் கேடு. கணப்பு எரிகிற வீட்டுக்குள் அதைத் திறக்கவே கூடாது. தெர்மாகோலை வேறு அது கரைத்துவிடும். பெட்ரோல், மண்ணெண்ணெய் என்று மாற்று தேடிப் போகாதீர்கள்.

வெளுப்பது

கொழுப்பு முழுக்கப் போன எலும்புக்கு இது சின்ன வேலை. மெடிக்கல் ஷாப்பில் 20 வால்யூம் ஹைட்ரஜன் பெராக்சைடு கேளுங்கள். அது 6 சதவீதக் கரைசல். சம அளவு தண்ணீர் கலந்தால் 3 சதவீதம் ஆகும், அது போதும். பிளாஸ்டிக் டப்பாவில் மண்டையோட்டை மூழ்கவைத்து, வெளிச்சம் படாத இடத்தில் ஒன்றிரண்டு நாள் விடுங்கள். மூடியை இறுக்கிவிடாதீர்கள், உள்ளே வாயு சேர்ந்து டப்பா வெடிக்கும். இரும்பு, தாமிரம் எதுவும் படக்கூடாது. கையுறை, கண்ணாடி கட்டாயம். கொம்பு உறையை இதில் போட்டால் நிறம் போய்விடும், அதை மட்டும் தள்ளி வையுங்கள். சூடுபடுத்த வேண்டாம். சுண்ணாம்படித்த சுவர்போல வெளுக்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம். எலும்புக்கு இயல்பான இளம் பால் நிறம்தான் வீட்டில் மாட்ட நன்றாக இருக்கும்.

கொழுப்பு மிச்சம் இருக்கும்போதே வெளுத்தால் மேலே வெள்ளை வந்துவிடும், உள்ளே மஞ்சள் அப்படியே இருக்கும். கடைகளில் விற்கிற மண்டையோடுகள் பல இப்படித்தான் இருக்கின்றன.

சேர்ப்பதும் மாட்டுவதும்

நிழலில் இரண்டு வாரம் காய்ந்ததும் பற்களை அதனதன் குழியில் பொருத்தி, ஒரு சொட்டு ஃபெவிகால் வைத்து ஒட்டுங்கள். வெள்ளைப் பசைதான் நல்லது. பின்னால் கழற்ற வேண்டிவந்தால் தண்ணீரில் ஊறி விட்டுக்கொடுக்கும். கொம்பு உறைக்கும் அதே பசையைப் பஞ்சில் நனைத்துத் தண்டின் மேல் சுற்றி, உறையை ஏற்றித் திருகி நிறுத்தலாம். எம்-சீல் போட்டு நிரந்தரமாக அடைத்துவிட ஆசை வரும். முதல் இரண்டு வருடம் வேண்டாம் என்பேன். தண்டின் அடியிலிருந்துதான் கொழுப்பு திரும்ப எட்டிப் பார்க்கும், அப்போது உறையைக் கழற்ற வழி இருக்க வேண்டும்.

எலும்பின் மேல் வார்னிஷ் வேண்டாம், மஞ்சளாகிவிடும். ஃபெவிகாலில் நான்கு பங்கு தண்ணீர் கலந்து மெல்லிய பூச்சாக ஒருமுறை தடவினால் போதும். கொம்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவும் பழக்கம் உண்டு. அது நாளாக நாளாகப் பிசுபிசுத்து நாறும். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் லிக்விட் பாரஃபினைத் துணியில் தொட்டு லேசாகத் துடைத்துவிடுங்கள்.

பலகைக்கு நன்றாகக் காய்ந்த சில்வர் ஓக் துண்டு எந்தத் தச்சரிடமும் கிடைக்கும். மண்டையோட்டைப் பலகையில் ஆணி அடித்துப் பூட்டாமல், பின்துவாரத்தில் நுழையும் ஒரு பித்தளைக் கொக்கியில் தொங்கவிடுங்கள். கணப்புக்கு நேர் மேலே மாட்டுவது படத்தில் அழகாக இருக்கும். ஆனால் புகைக்கரி படியும், சூட்டில் கொம்பு வெடிக்கும். வெளிச்சுவரும் வேண்டாம், பருவமழையில் அந்தச் சுவர் ஈரம் கக்கும். வீட்டின் உள்சுவரில், நேர் வெயில் படாத இடமாகப் பாருங்கள்.

மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை இறக்கிப் பார்க்க வேண்டும். பச்சையாகவோ சாம்பலாகவோ பூசணம் பூத்திருந்தால், எலும்பை மட்டும் 3 சதவீதப் பெராக்சைடில் நனைத்த துணியால் துடைத்துக் காயவிடுங்கள். கொம்பின் அடியில் மரத்தூள் மாதிரி உதிர்ந்திருந்தால் உள்ளே புழு இருக்கிறது என்று அர்த்தம். உறையைக் கழற்றிப் பையில் கட்டி ஒரு வாரம் ஃப்ரீசரில் வைத்தால் சாகும். மஞ்சள் திட்டு தெரிந்தால் பயப்பட ஒன்றுமில்லை. உறைகளை எடுத்துவிட்டு, மண்டையோட்டை மறுபடி தெர்மாகோல் பெட்டிக்குள், 45 டிகிரிச் சோப்புத் தண்ணீரில் இரண்டு மூன்று வாரம் போட்டு, காயவைத்து, காருக்குள் வைத்துச் சோதித்தபின் திரும்ப மாட்டுங்கள்.